சாத்தல்ஹோயுக் சிற்றுருவங்கள்: ‘தாய்த்தெய்வம்’ என்ற முடிவு எப்படி எழுந்தது, எப்படி மாறியது – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

துருக்கியின் கொன்யா சமவெளியில் உள்ள சாத்தல்ஹோயுக், புதிய கற்கால மக்கள் வாழ்ந்த ஒரு மண்மேடு. அதன் கிழக்கு மேடு சுமார் 13 ஹெக்டேர் பரப்பில், சுற்றியுள்ள வயல்களைவிட ஏறத்தாழ 21 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கி.மு. 7100 முதல் கி.மு. 5950 வரை, அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, மக்கள் அங்கே குடியிருந்தார்கள். அந்த உயரம் முழுவதும் வீட்டின் மேல் வீடு கட்டியதால் வந்தது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டவை. உள்ளே போகக் கூரைவழியே ஏணியில் இறங்க வேண்டும். இறந்தவர்களை வீட்டுக்குள்ளேயே, மக்கள் உட்கார்ந்து படுத்துப் புழங்கிய மேடைகளுக்கு அடியில் புதைத்தார்கள்.

ஒரு வீட்டின் காலம் முடிந்ததும் அதை அப்படியே கைவிடவில்லை. கூரையைப் பிரித்தார்கள், சுவர்களின் மேற்பகுதியை இடித்தார்கள், அறைக்குள் மண்ணை நிரப்பினார்கள், அதே சுவர்த்தடத்தின் மேல் அடுத்த வீட்டை எழுப்பினார்கள். இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு அறைக்குள் கிடைக்கும் பொருள் அங்கே புழக்கத்தில் இருந்திருக்கலாம். வீட்டை மூடும்போது வேண்டுமென்றே வைத்திருக்கலாம். நிரப்பிய மண்ணோடு வேறு எங்கிருந்தோ வந்து விழுந்திருக்கலாம். மூன்றுக்கும் பொருள் வேறு.

இந்த மேட்டில் இரண்டு அணிகள் தோண்டின. 1961 முதல் 1965 வரை தோண்டியவர்களை முதல் அணி என்றும், 1993 முதல் 2018 வரை தோண்டியவர்களை இரண்டாம் அணி என்றும் கீழே குறிப்பிடுகிறோம். தனிமனிதர் பெயர்கள் தரப்படவில்லை.

முதல் அணி: 1961–65

1961இல் இரண்டாம் அடுக்கில், ஒரு தானியத் தொட்டிக்குள், களிமண்ணில் செய்த ஒரு பெண் உருவம் கிடைத்தது. பருத்த உடல், பெரிய மார்பு, சரிந்த வயிறு. இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இரு பக்கமும் சிறுத்தையோ சிங்கமோ போன்ற பூனையின விலங்குகள். கைகள் அவற்றின் மேல். கால்களுக்கு நடுவே ஒரு திரளை. உருவம் கிடைத்தபோது தலை இல்லை. இன்று அங்காராவின் அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் தலையும், ஒரு பக்க விலங்கின் தலையும் பிற்காலத்தில் செய்து பொருத்தியவை. பொருத்திய தலையோடு சேர்த்து உயரம் சுமார் 16.5 செ.மீ.

முதல் அணி எடுத்த முடிவு: இது ஒரு தாய்த்தெய்வம், பிள்ளை பெறும் நிலையில் இருக்கிறாள், தானியத் தொட்டியில் இருந்ததால் விளைச்சலோடு தொடர்புடையவள். சுவரோவியமும் காளைக் கொம்பும் உள்ள வீடுகள் ‘கோயில்கள்’ என்று பதிவாயின. கையையும் காலையும் விரித்தபடி சுவரில் புடைப்பாகச் செய்யப்பட்ட உருவங்களும் அதே தெய்வமாகக் கொள்ளப்பட்டன.

இந்த முடிவுக்குக் காரணங்கள் இருந்தன. அன்றைய தொல்லியலில், வேளாண்மைக்கு மாறிய மக்கள் எல்லோரும் ஒரு பூமித்தாயை வணங்கினார்கள் என்ற கருத்து ஓங்கியிருந்தது. அதே அனத்தோலியாவில், பல ஆயிரம் ஆண்டு கழித்து, சிங்கங்கள் சூழ அமர்ந்த சிபெலே என்ற தெய்வத்துக்கு உண்மையிலேயே வழிபாடு நடந்தது. பின்னால் உள்ளதை வைத்து முன்னால் உள்ளதைப் படிப்பது அன்று பலருக்குத் தவறாகத் தோன்றவில்லை. இன்று அந்த அணியைப் பழிப்பது எளிது, நியாயமும் அல்ல. சுவரோவியங்களையும் புடைப்புகளையும் உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

குறை வேறொரு இடத்தில் இருந்தது. நான்கு பருவங்களில் இருநூறை நெருங்கும் கட்டடங்களை அவர்கள் திறந்தார்கள். அந்த வேகத்தில் தோண்டிய மண் முறையாகச் சலிக்கப்படவில்லை. சலிக்காத மண்ணில் கண்ணுக்கு முதலில் படுவது பெரிய, முழுமையான, அழகான உருவம். உடைந்த கொம்பும், விரலளவு மண்கட்டியும் மண்குவியலோடு வெளியே போய்விடும். அதாவது, எது ‘மாதிரி’ என்பதைத் தீர்மானித்தது பண்டைய மக்கள் அல்ல, தோண்டிய முறை.

இடைக்காலம்

1965க்குப் பின் தோண்டல் நின்றது. கிடைத்த படங்களே ஊர் ஊராகப் போயின. பெண்கள் தலைமை தாங்கிய அமைதியான சமூகம் ஒன்று இருந்தது என்பதற்கு அந்த உட்கார்ந்த உருவமே சான்றாக நின்றது. பெண்தெய்வ வழிபாட்டாளர்கள் பல நாடுகளிலிருந்து மேட்டைத் தேடி வந்தார்கள். பிற்பாடு இரண்டாம் அணி அவர்களை விலக்கவில்லை. உரையாடியது, சான்றுகளை விளக்கியது. கருத்து மாறுபாடு இருந்தபோதும் அந்த மரியாதை இருந்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் அணி: முறையை மாற்றிய முடிவு

1993இல் தொடங்கிய அணியின் முதல் முடிவு உருவங்களைப் பற்றியதல்ல, மண்ணைப் பற்றியது. நிறத்திலும் இறுக்கத்திலும் வேறுபடும் ஒவ்வொரு மண்படிவுக்கும் தனி அலகு எண். அலகில் வரும் மண் 4 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் உலர்நிலையில் சலிக்கப்படும். அதற்கு முன்பே ஒவ்வொரு அலகிலிருந்தும் 30 லிட்டர் மண் மிதவைத் தொட்டிக்குப் போகும். அங்கே கரித்துண்டும் விதையும் நீரில் மிதந்து பிரியும், கனமானவை அடியில் தங்கும். இருந்த இடத்திலேயே கண்ணில் பட்ட முக்கியப் பொருளுக்கு அளவைக் கருவியால் மூன்று திசை ஆயத்தொலைவு எடுத்து, அலகு எண்ணோடு ஒட்டிய தனி எண் தரப்படும். ‘12401.எக்ஸ்7’ என்றால் 12401ஆம் அலகின் ஏழாவது தனிப்பதிவுப் பொருள். இந்த எண்ணை வைத்தே அந்தப் பொருள் எந்தக் குப்பையில், எந்த எலும்போடு, எந்தக் கரியோடு கிடந்தது என்று எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

இந்த வேலையில் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. சாத்தல்ஹோயுக்கின் சிற்றுருவங்களில் பெரும்பாலானவை உள்ளூர்க் களிமண்ணில் கையால் பிடித்து, சுடாமலோ லேசாக மட்டும் சூடுபட்டோ விட்டவை. சுடாத களிமண் தண்ணீரில் கரையும். மிதவைத் தொட்டிக்குள் போன மண்ணில் ஒரு சுடாத உருவம் இருந்தால் அது சேறாகிவிடும். அதனால் எண்ணிக்கையை நம்ப வேண்டியது உலர்சல்லடையிலிருந்துதான். சல்லடையையும் வேகமாக ஆட்டினால் கொம்பு நுனியும் கழுத்தும் முறியும். கிடைத்த உருவத்தைக் கழுவக் கூடாது. நிழலில் மெல்ல உலரவிட்டு, மென்மயிர்த் தூரிகையால் மண்ணைத் தட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

உடைந்த முகத்தையும் தனியே பார்க்க வேண்டும். பழைய உடைவில் மண்படிந்து நிறம் மங்கியிருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். தோண்டும்போது முறிந்த முகம் உட்களிமண்ணின் நிறத்தோடு கூர்மையாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் குறிக்காத பதிவேட்டில், பண்டைக்காலத்தில் தலை அகற்றப்பட்ட உருவமும் மண்வெட்டியில் தலை போன உருவமும் ஒன்றாகிவிடும். தலையற்ற உருவங்களுக்கு இங்கே தனி முக்கியத்துவம் இருப்பதால் இந்தப் பிழை ஆய்வையே கெடுக்கும்.

வகைப்படுத்தலில் செய்த மாற்றம்

பழைய முறையில் ஒவ்வொரு உருவமும் ‘ஆண்’, ‘பெண்’, ‘விலங்கு’ என்ற பெட்டி ஒன்றில் போடப்படும். இரண்டாம் அணியின் சிற்றுருவ ஆய்வாளர்கள் உறுப்பு உறுப்பாகப் பதியும் முறைக்கு வந்தார்கள். மார்பு, வயிறு, பிட்டம், பால்குறி, தலை, கை ஒவ்வொன்றும் இருக்கிறதா, இல்லையா, இருந்து உடைந்ததா என்று தனித்தனியே பதிவு. பால் பற்றிய முடிவு கடைசியில்தான்.

இந்த மாற்றம் உடனே பயன் தந்தது. மனித உருவங்களில் பெரும்பங்கு மிகச் சுருக்கமாகச் செய்தவை: களிமண்ணை உருட்டி, அடியைத் தட்டையாக்கி நிற்கவைத்து, மேல்நுனியை இரு விரலால் கிள்ளித் தலையாக்கியது. கையும் இல்லை, பால் காட்டும் உறுப்பும் இல்லை. செய்ய ஓரிரு நிமிடம் போதும். பெட்டிமுறையில் இவற்றை ஏதோ ஒரு பாலில் திணிக்க வேண்டியிருந்தது. உறுப்புமுறையில் இவை பால் காட்டாத மனித உருவங்களாகவே நின்றன. செய்தவர்களுக்கு அந்த இடத்தில் ஆணா பெண்ணா என்பது சொல்ல வேண்டிய செய்தியாக இல்லை. அடையாளம் என்றாலே முதலில் பால்தான் என்ற நம் பழக்கத்தை இந்தக் கிள்ளிய கட்டிகள் போல வேறெதுவும் அசைக்கவில்லை என்பது எங்கள் கருத்து.

உடலைத் தெளிவாகக் காட்டிய உருவங்களில் அழுத்தம் பெற்றவை மார்பும் வயிறும் பிட்டமும். பால்குறி அநேகமாக இல்லை. பெண் உருவங்களின் வயிறு பெரும்பாலும் கர்ப்பிணியின் வயிறுபோல விம்மித் திரண்டு இல்லை, சரிந்திருக்கிறது. மார்பு தளர்ந்து தொங்குகிறது. கையில் குழந்தை இல்லை. ஆகவே வளமைக்குப் பதிலாக, வயதும் அனுபவமும் நிறைந்த, ஊரில் மதிப்புப் பெற்ற மூத்த பெண்களை இவை காட்டலாம் என்ற விளக்கத்தை ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். பல ஆண்டுகள் சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் வாழ்ந்தவரின் உடல் அது.

எண்ணிக்கை காட்டியது

சலித்துச் சேர்ந்தவை ஏறத்தாழ 2,000. அவற்றில் பெரும்பான்மை விலங்குகள்: மாடு, ஆடு, பன்றி போன்ற நாற்கால் உருவங்களும் தனிக் கொம்புகளும். தெளிவாகப் பெண் என்று சொல்லத்தக்கவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பருத்த பெண் உருவம் மேலடுக்குகளில், குடியிருப்பின் பிற்காலத்தில் வரும் வடிவம். 1961இல் கிடைத்ததும் அந்தக் காலத்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே தீயில் ஒன்றாக வெந்த பானைக்குப் பொருந்தும். ஆயிரம் ஆண்டு மேட்டுக்குக் கடைசிக் காலத்து உருவம் ஒன்று பதமாகாது.

கிடந்த இடம் இன்னும் தெளிவாகப் பேசியது. சிற்றுருவங்களில் பெரும்பாலானவை வீடுகளுக்கு இடையிலிருந்த குப்பைமேடுகளிலும், மூடிய வீடுகளின் நிரப்புமண்ணிலும் கிடைத்தன. சாம்பல், எலும்பு, உடைந்த கல், அடுப்புக் கழிவு ஆகியவற்றோடு கிடந்தன. புதைகுழிகளில் அரிது. ‘கோயில்’ என்று முன்பு பதிவான வீடுகளிலும் அடுப்பும் தானியத் தொட்டியும் சமைத்த தடயமும் இருந்தன. அவை மக்கள் வாழ்ந்த வீடுகள். மாடத்தில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக வணங்கிய பொருள் இப்படிக் குப்பையில் சேராது. சட்டென்று செய்து, கையில் வைத்து, ஏதோ ஒரு தருணத்துக்குப் பயன்படுத்தி, போட்டுவிட்டவை இவை. செய்வதில்தான் பொருள் இருந்தது, வைத்திருப்பதில் அல்ல என்று கொள்ள இடமுண்டு.

2004–05: மூன்று கண்டெடுப்புகள்

2004இல் ஒரு புதைகுழியில், சுதை பூசிச் சிவப்பு வண்ணம் தீட்டிய ஒரு மண்டையோட்டைப் பெண் ஒருத்தி கைகளில் அணைத்தபடி கிடந்தாள். இறந்தவர் சிலரின் தலையைப் பிற்பாடு எடுத்துப் பாதுகாத்து மீண்டும் புதைக்கும் வழக்கம் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆண், பெண் இருபாலர் தலைகளும் அப்படி எடுக்கப்பட்டன.

2005இல் மேற்சொன்ன 12401.எக்ஸ்7 வந்தது. முன்பக்கம் மார்பும் உருண்ட வயிறும், மார்பின் மேல் கைகளும். திருப்பினால் முதுகெலும்பு, விலா, தோள்பட்டை, இடுப்பெலும்பு என்று ஓர் எலும்புக்கூடு. தலை இல்லை, கழுத்தில் தலையைச் செருகி எடுக்க ஒரு துளை. முன்பக்கப் படம் மட்டும் வெளியாகியிருந்தால் இதுவும் இன்னொரு தாய்த்தெய்வமாகியிருக்கும். உருவத்தை எல்லாப் பக்கமும் படமெடுக்க வேண்டும் என்ற சிறு விதியின் பெருமை இங்கே தெரிகிறது. உயிரும் சாவும் ஒரே உடலில். கழற்றி மாற்றத்தக்க தலை. பக்கத்திலேயே உண்மையான தலைகளை எடுத்து வைத்த மக்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கழுத்துத் துளையுள்ள பிற உருவங்களும் புதிய பொருள் பெற்றன. ஒரு உடலுக்கு வெவ்வேறு தலை பொருத்தலாம் என்றால், அந்த உருவத்தின் அடையாளம் நிலையானதாக இருக்கவில்லை.

அதே ஆண்டில் கிடைத்த ஒரு சுடுமண் முத்திரை, கைகால்களை மேல்நோக்கி விரித்த கரடியின் வடிவில் இருந்தது. சுவர்ப் புடைப்புகளின் தலையும் கைகளும் வீட்டை மூடும்போதே வெட்டி எடுக்கப்பட்டிருந்ததால் அவை யாருடையவை என்பது அதுவரை ஊகமே. முத்திரையின் தலை முழுதாக இருந்தது, அது விலங்கின் தலை. புடைப்புகளும் பெண்ணைக் காட்டவில்லை, விலங்கைக் காட்டின என்று கொள்வதே பொருத்தம் என்று அணி முடிவை மாற்றியது.

எலும்புகளிடம் கேட்டது

சிற்றுருவம், மக்கள் எதைச் செய்து பார்க்க விரும்பினார்கள் என்று சொல்லும். யார் என்ன சாப்பிட்டார்கள், யார் எங்கே வாழ்ந்தார்கள் என்று சொல்லாது. அதற்கு அணி எலும்புக்குப் போனது. எலும்பில் உள்ள கார்பன், நைட்ரஜன் ஓரகத்தனிமங்களை (ஐசோடோப்புகள்: உண்ட உணவின் தடயத்தைக் காட்டும், எடை வேறுபட்ட அணுக்கள்) அளந்தபோது ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே உணவு உண்டது தெரிந்தது. விலாவின் உட்புறத்தில் படிந்திருந்த புகைக்கரி இருபாலரிலும் இருந்தது. புகைபோக்கி சரியில்லாத வீட்டுக்குள் இருவருமே நெடுநேரம் கழித்தார்கள். பெண்ணாட்சியும் இல்லை, ஆணாட்சியும் இல்லை, அன்றாட வாழ்வில் பெரிய வேறுபாடு இல்லாத சமூகம் என்ற முடிவு இதிலிருந்து வந்தது.

2016: விதிவிலக்கு

2016இல் பளிங்குபோன்ற கல்லில் செதுக்கிய முழுமையான பெண் உருவம் ஒன்று கிடைத்தது. நீளம் 17 செ.மீ., அகலம் 11 செ.மீ., எடை சுமார் 1 கிலோ. தலை முழுதாக இருந்தது. இது குப்பையில் கிடைக்கவில்லை. ஒரு மேடைக்கு அடியில், எரிமலைக் கண்ணாடித் துண்டு ஒன்றோடு, கவனமாக வைக்கப்பட்டிருந்தது. கல்லைச் செதுக்கித் தேய்த்து இதைச் செய்யத் தேர்ந்த கையும் நிறைய நேரமும் தேவை.

இதைக் கண்டதும் தாய்த்தெய்வம் திரும்பிவிட்டாள் என்று செய்திகள் வந்தன. ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை. பெரும்பாலான உருவங்கள் கழிபொருள் என்பதால் எல்லாமே கழிபொருள் ஆகிவிடாது; இந்த ஒன்று வேறு விதமாக நடத்தப்பட்டது என்று பதிந்தார்கள். 5 விழுக்காட்டுக்குள்ளும் ஒரே பொருள் இல்லை என்பதை ஏற்பதுதான் நேர்மை.

2025: மரபணு சொன்னது

2025இல் வெளியான ஆய்வொன்றில், 35 வீடுகளில் புதைக்கப்பட்ட 131 பேரின் மரபணுக்கள் ஒப்பிடப்பட்டன. ஒரே வீட்டில் புதைக்கப்பட்டவர்களிடையே உறவு இருந்த இடங்களில் அது பெரும்பாலும் தாய்வழியில் சென்றது. பெண்மக்களில் 70 முதல் 100 விழுக்காடு வீட்டோடு தொடர்பு விடாமல் இருந்தார்கள், வளர்ந்த ஆண்மக்கள் வெளியே போயிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. பெண் குழந்தைகளின் புதைகுழிகளில் ஆண் குழந்தைகளுடையதைப்போல ஐந்து மடங்கு படையல் பொருள்கள் இருந்தன.

உணவிலும் அன்றாட வாழ்விலும் சமம் என்ற முந்தைய முடிவை இது தள்ளவில்லை. ஆனால் வீடு யார் வழியாகத் தொடர்ந்தது என்ற கேள்விக்குப் பெண் என்ற விடை வருகிறது. முதல் அணி பெண்களுக்கு முக்கியத்துவம் இருந்தது என்று உணர்ந்தது வெறும் கற்பனை அல்ல. அதற்குச் சான்றாக அவர்கள் காட்டிய பொருள்தான் அந்தச் சுமையைத் தாங்கக்கூடியதாக இல்லை. வீட்டைத் தாங்கிய மகளும், விளைச்சல் தரும் தெய்வமும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரே பெற முடியாது.

என்ன மாற வேண்டும்

சிற்றுருவங்கள் கிடைக்கும் எந்த அகழாய்விலும், மிதவைத் தொட்டிக்கு அனுப்பும் மண்ணை முதலில் ஒரு தட்டில் பரப்பிக் கையால் பார்த்துவிட வேண்டும். இதற்கு 30 லிட்டருக்குச் சில நிமிடமே ஆகும். உருவமற்ற களிமண் கட்டிகளையும் வீசக் கூடாது. விரல் அழுத்தத் தடம் இருந்தால் அது செய்துபார்த்துக் கைவிட்டதாக இருக்கலாம்.

அறிக்கையில் உருவங்களின் எண்ணிக்கையோடு சலித்த மண்ணின் அளவும் வர வேண்டும். 10 கன மீட்டரில் 20 உருவம் என்பதும் 100 கன மீட்டரில் 20 உருவம் என்பதும் ஒன்றல்ல. பயன் என்ற கட்டத்தை, கிடந்த இடமும் உடைவும் தேய்மானமும் பதிவான பிறகே நிரப்ப வேண்டும். ‘தெய்வம்’, ‘விளையாட்டுப் பொருள்’ என்ற இரண்டுமே முடிவுகள். இரண்டும் வகைப்பெயராக வரக் கூடாது.

அருங்காட்சியகத்தில், பிற்காலத்தில் சேர்த்த பகுதி கண்ணுக்குத் தெரியும்படி வேறு நிறத்தில் இருக்க வேண்டும். பொருத்திய தலை ஒரு முகபாவத்தைத் தருகிறது, அந்த முகபாவம் பார்ப்பவரின் மனத்தில் ஒரு குணத்தைத் தருகிறது. தலை கழற்றப்படுவதே பொருளாயிருந்த ஒரு மரபில் இது சிறிய விஷயம் அல்ல.

அடுத்த வேலை மரபணு அட்டவணையையும் சிற்றுருவ அட்டவணையையும் அலகு எண் வழியே இணைப்பது. 1993க்குப் பின் தோண்டிய வீடுகளில் இது இயலும்: தாய்வழித் தொடர்ச்சி வலுவாக உள்ள வீட்டின் நிரப்புமண்ணிலும் அருகிலுள்ள குப்பையிலும் எந்த வகை உருவம் எத்தனை என்பதை, அடுக்கு அடுக்காக, சலித்த மண்ணின் கன அளவால் வகுத்து ஒப்பிட வேண்டும். குப்பைமேடு பல வீடுகளுக்குப் பொது என்பதால் அதன் எண்ணை ஒரு வீட்டின் கணக்கில் சேர்க்காமல் தனி வரிசையில் வைக்க வேண்டும்.